கரும்பலகையில் ஒரு புலி

கரும்பலகையில் புலி முக்கால்வாசி முடிந்துவிட்டது. உடம்பில் வரிகள் போட்டாகிவிட்டது. வால் வந்துவிட்டது, மீசை வந்துவிட்டது. கண்கள் மட்டும்தான் பாக்கி. மஞ்சள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகையை நெருங்கினேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"கண்ணு மட்டும் வேணாம் டீச்சர்."

திரும்பிப் பார்த்தேன். பெயர் தனலெட்சுமி. எல்லோருக்கும் தனம். அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள்.

"ஏன் தனம்? கண்ணு இல்லாம அது எப்படிப் பாக்கும்? பாட்டுல 'பார்க்குது'ன்னுதானே இருக்கு?"

"வேணாம் டீச்சர். எங்கம்மா இன்னும் காட்டுலதான் இருக்காங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு கண்களையும் போட்டு முடித்தேன். மஞ்சள் வட்டம், நடுவில் பலகையின் கறுப்பையே விட்டுவிட்டேன். நன்றாக வந்திருந்தது. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத் திரும்பினால், வகுப்பு முழுவதும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பெஞ்சில் இரண்டு பேர் தலை குனிந்துகொண்டார்கள்.

போன வாரம் இந்தத் தொடரைப் படித்தவர்கள் என்னைப் பெரிய தைரியசாலி என்று நினைத்திருப்பீர்கள். பஸ்ஸில் தொந்தரவு கொடுத்தவனைக் குடையால் வெளுத்த கதையைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அந்தப் பெயர் இந்த வாரத்தோடு போகப்போகிறது. போகட்டும்.

பயந்தாங்கொள்ளி டீச்சர்

எழுபதுகளின் பிற்பாதி. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு மலேசியாவின் ஈப்போவில், புந்தோங் பகுதியில், எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். சுங்காய் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்களம் டீச்சர் பிரசவத்துக்குப் போக, அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தூரத்து உறவில் ஒரு கிராணி அங்கே தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி, அப்பா தலையாட்டி, நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

எனக்குக் கரப்பான்பூச்சி பயம். இருட்டு பயம். தலைமையாசிரியர் செருப்புச் சத்தம் பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், நாற்பது பிள்ளைகள் முன்னால் வாயைத் திறப்பது.

தங்கியது கிராணி வீட்டில், ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே. காலையில் தோட்டத்துப் பிள்ளைகளோடு லாரியில் பள்ளிக்கூடம் போவேன், மத்தியானம் அதே லாரியில் திரும்புவேன். எனக்குக் கொடுத்தது புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள், முதலாம் படிவம் போவதற்கு முன்னால் ஒரு வருஷம் உட்கார்ந்து மலாய் படிக்கிற வகுப்பு அது. மற்றப் பாடங்கள் முடிந்து, மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் தமிழ் நடக்கும். பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்த வேண்டும்.

முதல் நாள் பாட்டுக்குப் பொருள் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது வரியோடு நின்றுபோனது. தண்ணீர் குடித்தேன், இருமினேன். பிறகு வேறு வழி தெரியாமல் பலகை பக்கம் திரும்பி மேகம் ஒன்றை வரைந்தேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பயம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

வரிக்கு ஒரு படம்

அப்படித்தான் ஆரம்பித்தது அந்த முறை. ஒரு தாளை எட்டாக மடிக்கச் சொல்வேன். ஒரு கட்டத்தில் பாட்டின் ஒரு வரி. ஆனால் வரியை எழுதக்கூடாது. அந்த வரியைப் படித்ததும் எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதைப் படமாகப் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டே பாட்டைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் இப்போது ஏதேதோ பெயர் வைத்துப் பட்டறை நடத்துகிறார்களாம். எனக்கு அன்று அது தப்பிக்கிற வழி, அவ்வளவுதான்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இடி என்றால் ஒருவன் தோட்டத்து மணியைப் போட்டான். ஆறு என்றால் ஒருத்தி அம்மாவின் ஈரத் துணியைப் போட்டாள். எனக்கே தெரியாத பொருளெல்லாம் அந்தக் கட்டங்களில் வந்தது.

படம் எனக்கு வீட்டுச் சொத்து. அப்பா ஈப்போவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். எண்ணெய்க் கடைக்கு யானை, தையல் கடைக்கு மயில், எது கேட்டாலும் போடுவார். முகம் வரைந்தால் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். "முதல்லயே கண்ண வச்சிட்டா அது நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கும்லா, வேல ஓடாது" என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு மங்களம் டீச்சர் குறித்துவிட்டுப் போயிருந்த மழைப்பாட்டு. நாலே வரி:

மலைமேல் மேகம் இடிக்குது – அங்கே
மரமெல்லாம் தலை அசைக்குது
கலைமான் காதை நிமிர்த்துது – குகையில்
கண்விழித்து ஒருபுலி பார்க்குது

மூன்று வரிக்குக் கலகலவென்று வரைந்தார்கள். நான்காவதுக்கு ஒருவர் கையும் அசையவில்லை. புலி வரைவது கஷ்டம் போலிருக்கிறது, நாமே வரைந்து காட்டுவோம் என்று நான்தான் எழுந்து போனேன். அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் சத்தமில்லாமல் வெளியேறினார்கள். எவர் தாளிலும் நான்காவது கட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் பலகையை அழிக்கவில்லை. அவ்வளவு நல்ல புலியை மறுநாள் மற்ற ஆசிரியர்கள் பார்க்கட்டும் என்று ஆசை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

லாரியில்

தினமும் லாரி கிளம்பியதும் பாட்டும் கூத்துமாக இருக்கும். அன்று எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தோட்டத்துக்குள் நுழைந்ததும் ரப்பர் மரங்கள் மேலே சேர்ந்துகொண்டன. காலையில் விட்ட மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

"என்னடா ஆச்சு உங்களுக்கெல்லாம்?" என்று பக்கத்தில் நின்ற ராமுவைக் கேட்டேன். வகுப்பிலேயே வாயாடி அவன்தான்.

"டீச்சர், அது பேரச் சொல்லக்கூடாது. பெரியவருன்னுதான் சொல்லணும். நீங்க பேரையும் சொன்னீங்க, படத்தையும் போட்டீங்க."

"படம்தானேடா?"

"கண்ணத் தொறந்து வுட்டுட்டீங்களே டீச்சர். கோயில்ல சாமி செலைக்கு மொத கண்ணா தொறப்பாங்க? கடைசியாத்தானே? தொறந்தாத்தானே உசுரு வரும்? நீங்களும் அப்படியேதான் செஞ்சீங்க."

போன வாரம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு கன்றுக்குட்டி காணாமல் போனதையும், ஓடைக் கரையில் கால்தடம் கிடந்ததையும் அவன்தான் சொன்னான். கிராணி வீட்டில் யாரும் என் காதில் போடவில்லை. டவுன் பெண், மூட்டை கட்டிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தார்களாம். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

தனத்தின் அம்மா அஞ்சலைக்கு வெட்டு நிரை, அதாவது பால் எடுக்க ஒதுக்கிய மர வரிசை, மலையடியில், காடு தொடங்குகிற இடத்தில். மற்ற நாளில் பால்மரம் வெட்டுகிறவர்கள் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள். அன்று காலை மழையால் மரம் காயவில்லை. பட்டை ஈரமாக இருந்தால் கத்தி வைக்க முடியாது. காயும்வரை காத்திருந்து தாமதமாகத்தான் வெட்டுக்குப் போயிருக்கிறார்கள். அஞ்சலை இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

தனம் என்னைப் பார்க்கவே இல்லை. லாரி போகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதெல்லாம் பேத்தல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லப் பயம் கூடியது.

வேளை கெட்ட மணி

தோட்டத்தில் மணி என்பது மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. விடியுமுன் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்கு வரச்சொல்லி அடிப்பார்கள். வேறு நேரத்தில் அடித்தால் நல்லதுக்கு அல்ல. லாரி பெரட்டுக் களத்துக்கு வரும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது.

மற்ற எல்லோரும் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. அஞ்சலை மட்டும் வரவில்லை. ஆண்கள் மண்ணெண்ணெய் டின்னும் கம்பும் எடுத்துக்கொண்டு மலையடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தனத்தின் அப்பா மாரிமுத்து கையில் பாராங் கத்தி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

ராமு சும்மா இருக்கக் கூடாதா? கீழே குதித்ததும் சொல்லிவிட்டான். சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் என் பக்கம் திரும்பியது. யாரும் கத்தவில்லை. ஒரு வயசான அம்மாள் மட்டும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்களா தொறந்து வுட்டது?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தனம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க டீச்சர். திரும்பப் போலாம். அது இன்னும் அங்கயே முழிச்சிக்கிட்டு இருக்கு."

நான் மாரிமுத்துவைப் பார்த்தேன். அவர் லாரிக்காரர் மூசா அண்ணனிடம், "கூட்டிட்டுப் போங்கண்ணே. இவ இங்க இருந்து என்னா செய்யப் போறா" என்றார். பிறகு டின் சத்தம் மரங்களுக்குள் போனது.

அழிச்சா எங்க போவும்?

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால் இல்லை. பயம் இருந்ததா என்றால் இருந்தது. லாரியின் முன்சீட்டில் மூசா அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் தனம் உட்கார்ந்திருந்தாள். மூசா அண்ணன் வழி முழுக்க உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை மட்டும், "ரொம்ப நல்லா வரைஞ்சிட்டீங்களோ டீச்சர்?" என்று கேட்டார்.

பள்ளிக் காவலாளி ஒரு மலாய்ப் பெரியவர். எதற்கு வந்தோம் என்று கேட்டார். நான் பலகையில் ஒன்றை வரைந்துவிட்டேன் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி, கையால் வரிகள் போட்டுக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. 'டத்தோ' என்று மெதுவாகச் சொன்னார். அவர்களும் பெயரைச் சொல்வதில்லை போலிருக்கிறது, தாத்தா என்றுதான் சொல்கிறார்கள்.

மழையில் கரண்ட் போய், ஜன்னல் சாத்திய வகுப்பு இருட்டாக இருந்தது. கதவைத் திறந்துவிட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். அவர் அடித்த டார்ச் வெளிச்சம் நேராகப் பலகையில் விழுந்தது. இருட்டில் முதலில் தெரிந்தவை அந்த இரண்டு மஞ்சள் கண்கள்தான். உடம்பு பிறகுதான் தெரிந்தது. நானே வரைந்தது, மத்தியானம் வரைந்தது. ஆனாலும் ஓர் அடி பின்னால் போய் மேசையில் இடித்துக்கொண்டேன்.

முழுதாக அழித்துவிடலாம் என்று டஸ்டரைத் தூக்கினேன்.

"ஐயோ, அழிக்காதீங்க டீச்சர்!" தனம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழிச்சா அது எங்க போவும்?"

பலகையில் இருப்பதாவது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. அழித்துவிட்டால்?

"வேற என்னா செய்யிறது தனம்?"

"தூங்க வச்சிடுங்க. ஒண்ணு ஒண்ணா மூடுங்க. ரெண்டையும் சேர்த்து அழிச்சிட்டு நிக்காதீங்க."

விரலை நாக்கில் நனைத்து இடது கண்ணைத் துடைத்தேன். அதே இடத்தில் ஒரு வளைந்த கோடு போட்டேன். கோடு இரண்டாகப் போனது. பிறகு வலது கண். துடைக்கும்போது அது என்னையே பார்த்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பார்த்தது.

"காதையும் கொஞ்சம் சாய்ச்சு விடுங்க டீச்சர். பூன தூங்குறப்ப அப்படித்தான் வச்சிருக்கும்."

சாய்த்தேன். வாலைச் சுருட்டினேன். தலைக்குக் கீழே முன்னங்காலை மடித்து வைத்தேன். தனம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இரண்டு பேரும் அதற்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தோம்.

வரக்காப்பி

திரும்பும்போது தோட்டத்து மணி ஓய்ந்திருந்தது. மணி நின்றதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூசா அண்ணன் ஓதுவதை நிறுத்திவிட்டார்.

பெரட்டுக் களத்துப் படியில் ஒரு பெண் உட்கார்ந்து வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் நனைந்து, சேலையில் சேறு. தனம் லாரி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள். நான் சீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அஞ்சலை அப்புறம் சொன்னாள். "மழ வந்து மரத்துல கட்டுன மங்குல இருந்த பாலெல்லாம் தண்ணியாப் போச்சி. வாளியத் தூக்கிட்டுத் திரும்புறேன், பாதையில…" பேரைச் சொல்லவில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துத் தாழ்த்திக் காட்டினாள். "உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்திச்சி. நானும் நகரல, அதுவும் நகரல. ரொம்ப நேரம். அப்புறம் என்னா தோணுச்சோ, தலையக் கால்மேல வச்சிப் படுத்துக்கிச்சி. வாளியப் போட்டுட்டு ஓடையோரமாச் சுத்தி வந்தேன்."

தனம் என்னைப் பார்த்தாள். அது படுத்தது எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, நான் வேகமாக நடந்து கிராணி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கேள்வியை நான் இன்று வரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஜங்ஙான் பாடாம்

மறுநாள் விடியுமுன் மணி அடித்தது. அஞ்சலை அதே மலையடி நிரைக்குப் போனாள். நிரையை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்களாம். அவளை எடுத்துவிட்டு அங்கே யாரைப் போடுவது என்று வேலை பிரித்துக்கொடுக்கும் மண்டோர் கேட்டாராம். வனவிலங்கு இலாகா ஆட்கள் வந்து கூண்டு வைத்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

லாரியில் தனம் என் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அத யாரும் அழிச்சிட மாட்டாங்கள்ல?"

பள்ளிக்குப் போனதும் புலியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மேலே 'ஜங்ஙான் பாடாம்' என்று எழுதினேன். மலாயில் அழிக்காதே என்று அர்த்தம். எங்கள் பள்ளிகளில் பலகையில் அப்படி எழுதியிருந்தால் அதன்மேல் எவரும் கை வைக்க மாட்டார்கள். கணக்கு ஆசிரியர் முணுமுணுத்துக்கொண்டே புலியைச் சுற்றிக் கணக்குப் போட்டார். கோடு மங்க மங்க நான் தொட்டுக்கொடுத்தேன். தினமும் காலையில் தனம் முதல் ஆளாக வகுப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மூடிதான் இருக்கு டீச்சர்" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் காலைச் சாப்பாடு வயிற்றில் தங்கும்.

பாட்டு எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. மூன்று வரியைக் கத்திச் சொல்வார்கள். நான்காவதை உதட்டுக்குள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

வேலை முடிந்து ஈப்போவுக்கு வந்த பிறகும் பல மாதம், காலைப் பேப்பரில் சுங்காய் என்ற பெயரைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவேன். கடைசி வரி வரை படித்து, அஞ்சலை என்ற பெயர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேப்பரைக் கீழே வைப்பேன். அப்பா ஒரு மயிலுக்குக் கண் வைக்கச் சொல்லிப் பிரஷ்ஷை நீட்டினார். முடியாது என்றுவிட்டேன்.

அந்தப் பள்ளியில் என் கடைசி நாளில்தான் மங்களம் டீச்சர் திரும்பி வந்தார். சுறுசுறுப்பானவர், எதையும் தள்ளிப்போடத் தெரியாதவர். வகுப்புக்குள் வந்ததும் பலகையைப் பார்த்தார்.

"அட, நல்லா வரைஞ்சிருக்கியேம்மா! ஆனா பாட்டுல கண்விழித்துன்னுல்ல இருக்கு? இது தூங்குதே."

சொல்லிக்கொண்டே டப்பாவில் கைவிட்டு மஞ்சள் சாக்பீஸை எடுத்தார். மூன்றாவது பெஞ்சில் தனம் பாதி எழுந்து என்னையே பார்த்தாள். அன்றும் காலையில் மழை. அன்றும் வெட்டு தாமதம்.

நான் போய் மங்களம் டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கண்ணு மட்டும் வேணாம் டீச்சர்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் கையை விடவில்லை.